கொடுத்த பிள்ளைகளின் புத்தகம்

புஷ்பவல்லி யாரையும் லேசில் நம்பமாட்டாள். அது அவளுடைய குணம் மட்டுமல்ல, அவள் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையும் அதுதான். கிள்ளானில் ஒரு சட்டைத் தொழிற்சாலையின் வாசலில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்களின் பையைத் திறந்து சோதிக்கிற ஜாகா அவள், அதாவது காவல்காரி. பன்னிரண்டு வருடமாக அதே வாசல், அதே நாற்காலி, அதே முறைப்பு. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை அவள் ஊதி யாரும் கேட்டதில்லை. கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தால், பொத்தான் ஒன்றைத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தவள்கூடத் தானாக எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள்.

வீட்டிலும் அந்த விசிலோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். இவள் மீன்காரனின் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பாள். புருஷன் வேலாயுதம் லோரி ஓட்டுகிறவன். ஜொகூர்வரை போய்ச் சரக்கு இறக்கிவிட்டு வந்தால், முதலில் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பாள். அவனும் பழகிப்போய், வாசலிலேயே சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வருவான். நல்ல மனுஷன், வேறென்ன சொல்ல.

இந்தச் சந்தேகம் எங்கே முளைத்தது என்று அவளைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவாள். அத்தை.

பிறப்புப் பத்திரத்தில் தாய் என்று எழுதியிருக்கும் வள்ளியம்மாவை அவள் அத்தை என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தாள். தகப்பன் என்று எழுதியிருக்கும் ரெங்கசாமியை, அவர் சாகும்வரை, மாமா என்று கூப்பிட்டாள். நாலு வயது இளையவனான தம்பி தம்புசாமிக்கு மட்டும் அவர்கள் அம்மா, அப்பா. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரே பாய். அவன் கூப்பிடுவது ஒன்று, இவள் கூப்பிடுவது வேறொன்று. ஆறு வயதில் ஒருநாள், தம்பி கூப்பிடுவதைப் பார்த்து இவளும் அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். வாய்மேலேயே ஒரு அறை விழுந்தது. "அத்தைன்னு கூப்பிடு," என்றாள் வள்ளியம்மா. அதற்குமேல் ஒரு விளக்கமும் இல்லை.

விளக்கத்தை ஊர்க்காரர்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு அவர்கள் குடிவந்தபோது புஷ்பவல்லிக்கு மூன்று வயது. வந்த இடத்தில் யாருக்கும் அவர்கள் பூர்வோத்தரம் தெரியாது. பிள்ளை வெளுப்பாக இருக்கிறது, கண் சின்னதாக இருக்கிறது, வளர்க்கிறவளை அத்தை என்கிறது. ஜனங்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும். பெண் குழந்தையை வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் தமிழர் வீட்டில் கொடுத்துவிடுவதும், இவர்கள் எடுத்து வளர்த்துப் பொட்டு வைத்துப் பூ வைத்துக் கட்டிக்கொடுப்பதும் அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒன்றிரண்டாவது உண்டு. இவளும் அப்படித்தான் என்று லயத்து வீடுகளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். குழாயடியில் குடம் இடித்தால் 'சீனத்தி' என்பார்கள். பிறப்புப் பத்திரத்தைக் காட்டி வாயை அடைக்கவும் வழியில்லை. எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கும் அப்போது அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள்.

சீனப் பிள்ளையாகப் பிறந்திருந்தால் அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறந்தால் பிறந்துவிட்டுப் போகட்டும். தன்னிடம் மறைக்கிறார்கள் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதுவும் வள்ளியம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒருநாள், பங்குனி வாக்கில், காலையில் தலை முழுகிவிட்டு ஒரு துணிப்பையோடு எங்கேயோ பஸ் ஏறிப் போவாள். பொழுது சாய வருவாள். சேலையில் ஊதுபத்தி வாசம் அடிக்கும். எங்கே போனாய் என்று கேட்டால் "கோயிலுக்கு" என்பாள். எந்தக் கோயில் என்றால் பதில் வராது. தன்னைப் பெற்றவர்களைத்தான் ஏதோ ஒரு சீனக் கம்பத்தில், சீனர்கள் கிராமத்தில், போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று புஷ்பவல்லி பத்து வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

கல்யாணமாகித் தனியே வந்த பிறகு இதெல்லாம் மறந்த மாதிரி இருந்தது. 1989-ல், மாசி மாதம், தம்புசாமி வள்ளியம்மாவை ஒரு பெட்டியோடு கொண்டுவந்து கிள்ளான் வீட்டில் விட்டான். ஜொகூருக்கு வேலை மாற்றம் ஆகிவிட்டதாம், ஒரு அறை வீடாம். "கொஞ்ச நாளு பாத்துக்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். பங்குனியில் வள்ளியம்மா இரண்டு தடவை, "நான் மட்டும் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வரேன்," என்று கேட்டாள். புஷ்பவல்லி விடவில்லை. என் வீட்டில் இருந்துகொண்டு என்னை ஏமாற்றிவிட்டு எங்கே போகிறாள் பார்க்கலாம் என்று வெளிக்கதவின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று முழுக்க வள்ளியம்மா சாப்பிடவில்லை.

ஆனி மாதத்தில் புஷ்பவல்லி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்தாள். வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு, "யோசிச்சு செய்," என்றான். அவள் யோசித்துத்தான் செய்தாள். பெயர், வயது, நோய் எல்லாம் எழுதிவிட்டாள். 'உங்களுக்கு என்ன உறவு' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. பெற்ற தாயாக இருந்தால் அனுப்ப அவளுக்கு மனசு வராது. பெறாதவள் என்றால், நாற்பத்திரண்டு வருடம் வாயைத் திறக்காமல் வைத்திருந்தவளை எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? திங்கட்கிழமை பாரத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும்.

அந்த வாரம்தான், ஜெஞ்சாரோமிலிருந்து வேலைக்கு வருகிற சந்திரகலா என்ற பெண், பையைத் திறந்து காட்டியபடியே ஒரு சேதி சொன்னாள்.

"அக்கா, எங்க ஊருப் பக்கத்துல பழைய புத்தர் கோயில் ஒண்ணு இருக்கு. சீனவங்க கட்டினது. அங்க இப்ப மியூசியம் மாதிரி தொறந்திருக்காங்க. அந்தக் காலத்து சாமான்லாம் வெச்சிருக்காங்க. அதுல ஒரு புத்தகம்க்கா. கொடுத்த பிள்ளைங்க பேரெல்லாம் அதுல எழுதியிருக்காம். நடுநடுவுல தமிழ் எழுத்து வேற. ஏழாங்கட்டைத் தோட்டம்னு போட்டிருந்துச்சு."

புஷ்பவல்லி பையை மூட மறந்துவிட்டாள். ஏழாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் இருந்ததால் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பெயர் வாங்கிய அந்த இடத்தில்தான் அவள் பிறந்ததாகப் பத்திரம் சொல்கிறது. கொடுத்த பிள்ளைகள். சீனர்கள் தமிழர்களுக்குக் கொடுத்த பிள்ளைகளின் பட்டியல். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "ஒரு கோயிலுக்குப் போறோம், கெளம்பு அத்தை," என்றாள். வள்ளியம்மாவை ஏன் கூட்டிப்போனாள் என்றால், அது தொழிற்சாலைச் சட்டம். பையை அதன் சொந்தக்காரியை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு, நான் வைக்கவே இல்லை என்று சாதிப்பாள்.

பந்திங் போகிற பஸ்ஸில் ஏறும்வரை வள்ளியம்மா கலகலப்பாகத்தான் இருந்தாள். "ஜெஞ்சாரோம் ரெண்டு," என்று புஷ்பவல்லி சீட்டுக் கேட்டதும் அவள் முகம் மாறியது. தெலுக் பங்லிமா காராங் தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்களாக ஓடியபோதும் அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புஷ்பவல்லி ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இன்னொன்று நடந்தது. வழி கேட்க புஷ்பவல்லி ஒரு காப்பிக்கடைப் பக்கம் திரும்புவதற்குள், வள்ளியம்மா எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வாழைத்தோப்பு ஓரமாகக் குறுக்குப்பாதை போயிற்று. அதில் கால் இடறாமல், நின்று யோசிக்காமல், எழுபது வயசுக்காரி முன்னே போனாள். நாலு எட்டு போன பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்ததுபோல நின்று, "இப்படியா போவணும்?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு," என்றாள் புஷ்பவல்லி.

கோயில் அவள் நினைத்ததைவிடப் பெரியது, நினைத்ததைவிடப் பழையது. கூரையில் டிராகன்களின் சாயம் வெளிறியிருந்தது. சிவப்புத் தூண்களில் புகை ஏறிக் கறுத்திருந்தது. நடு மண்டபத்தில் மூன்று புத்தர்கள், பக்க மண்டபத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய மாதிரி நிற்கும் குவான்யின் அம்மன். முற்றத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெண்கலத் தொட்டி, அதில் ஊதுபத்திக் கட்டைகள் காடாக நின்று புகைந்தன. சாம்பல் நிற அங்கி போட்ட ஒரு பெண் துறவி குப்பை கூட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து வள்ளியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். சும்மா யாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. வள்ளியம்மா வேறு பக்கம் பார்த்தாள். பிறகு, கால் கழுவுகிற குழாய் எங்கே என்று யாரையும் கேட்காமல், தூணுக்குப் பின்னால் போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

புஷ்பவல்லி அதையும் குறித்துக்கொண்டாள். இத்தனை வருடமாக இங்கேதான் வந்திருக்கிறாள். இங்கேதான் யாரையோ பார்த்திருக்கிறாள்.

அருங்காட்சியகம் பின்கட்டில், முன்பு அரிசி அடுக்கிவைத்திருந்த ஒரு நீளமான அறையில் இருந்தது. "எனக்குக் கால் வலிக்குது. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன், நீ பாத்துட்டு வா," என்று வள்ளியம்மா வாசல் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். இழுத்தாலும் வரமாட்டாள் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஓடிப்போகவும் மாட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு புஷ்பவல்லி உள்ளே போனாள்.

பால்வாளி, ரப்பர் மங்கு, ஒரு பழைய சைக்கிள், வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில் கம்பத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பியில் ஒரு துண்டு, மளிகைக்கடைத் தராசு. மேசைக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீனர், வெள்ளைப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக எழுந்து வந்தார்.

"வாங்கம்மா. எந்தத் தோட்டம்?" என்றார், சுத்தமான தோட்டத்துத் தமிழில்.

புஷ்பவல்லி கண்ணைச் சுருக்கினாள். ஒரு சீனர் இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுவது, அதுவும் வந்ததும் வராததுமாக எந்தத் தோட்டம் என்று விசாரிப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. "சும்மா பாக்க வந்தோம், அங்கிள்," என்றாள். "தமிழ் எங்க படிச்சீங்க?"

"படிக்கலம்மா. எங்கப்பா தோட்டத்துக்கு முன்னால கடை வெச்சிருந்தாரு. தமிழ் பேசாம கடை நடத்த முடியுமா? என் பேரு தியோ." அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புத்தகம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்தபடி இருந்தது. பழுப்பேறிய தாள், மேலிருந்து கீழாகச் சீன எழுத்து, இடையிடையே தமிழ். திறந்திருந்த பக்கத்தில் அவள் பெயர் இல்லை. பக்கத்தைப் புரட்ட வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் யாருடைய பெயர் என்று சொல்ல வேண்டும். சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாவின் பெயரையும் அவர் மகளின் பெயரையும் இரவல் வாங்கினாள்.

"புனிதவதி. அப்பா பேரு சிவசம்பு. ஏழாங்கட்டை."

தியோ மோவாயைத் தடவினார். "அந்தப் பேருல பால்வெட்டு ஆளுங்க யாரும் அங்க இருந்த மாதிரி தெரியலியே. அது யாழ்ப்பாணத்து கிளர்க்குங்க வீட்டுப் பேரு மாதிரி இருக்கு லா." ஆனாலும் கையைக் கழுவி, துண்டில் ஈரம்போகத் துடைத்துவிட்டு, கண்ணாடியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். இல்லை என்று கையை விரித்தார். அவர் அப்படிப் பொறுமையாகத் தேடியதில் புஷ்பவல்லிக்கே கொஞ்சம் கூச்சமாகப் போயிற்று.

"ரெங்கசாமின்னு போட்டிருக்கான்னு பாருங்க," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இந்தத் தடவை அவர் தேடவில்லை. நேராக நடுப்பக்கத்துக்குப் போய்ப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். தெரிந்து வைத்திருக்கிறார். அவள் குனிந்தாள். மங்கிய மை. கண்ணில் முதலில் பட்டது கடைசி வரிதான்.

'இனி இது எங்கள் பிள்ளை இல்லை.'

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வருடமாகத் தேடியது கையில் கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல இருந்து படிம்மா," என்றார் தியோ.

அவள் மேலிருந்து படித்தாள். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி யாரோ எழுதிய குண்டுக் கையெழுத்து. 'ஏழாங்கட்டைத் தோட்டம். பால்வெட்டு ரெங்கசாமி, அவன் பெண்சாதி வள்ளியம்மா. இவர்களுக்குப் பிறந்த நாலாவது பிள்ளை, பெண், புஷ்பவல்லி. முன் பிறந்த மூன்றும் தவறிவிட்டன. இதுவாவது தங்க வேண்டி அம்மனுக்குக் கொடுத்தோம். எங்களை மாமா, அத்தை என்றே கூப்பிடும். இனி இது எங்கள் பிள்ளை இல்லை.' கீழே 1947 என்று வருடம். இரண்டு கைநாட்டு.

"இது கொடுத்த பிள்ளைங்க புத்தகம்மா," என்றார் தியோ. "பிள்ளைங்க தங்காத வீட்டுல, அடுத்தது பொறந்தா குவான்யினுக்கு மகளா எழுதிக் குடுத்துருவாங்க. அது தங்கிட்டா, பின்னால பொறக்கறதுக்கு இது வேணாம். எங்காளுங்க வழக்கம். ஏழாங்கட்டைல இருந்து தமிழவங்களும் வந்து குடுத்தாங்க. அப்பறம் பெத்தவங்களை அம்மான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா எமனுக்குத் தெரிஞ்சிரும், இது இவ பிள்ளைதான்னு. பதினாறு வயசு ஆனா வந்து மீட்டுக்கலாம். மீட்டவங்க பேருக்கு சிவப்பு வட்டம் போடுவோம்."

புஷ்பவல்லி உடனே நம்பிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். மை புதிதா பழையதா என்று சாய்த்துப் பார்த்தாள். தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டாவது கைநாட்டைப் பார்த்தாள். ரேகைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. வள்ளியம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் பால்கத்தி பட்டுக் கட்டைவிரல் பிளந்ததும், தையல் போட்ட தழும்பு இன்னும் குறுக்கே கிடப்பதும் அவளுக்குத் தெரியும். அந்த விரல் பிசைந்த சோற்றைத்தான் தின்று வளர்ந்தாள். இதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை.

பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் இல்லை. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், வரிசை வரிசையாக.

"இது என்ன, அங்கிள்?"

"மீட்காதவங்க வருசா வருசம் அம்மன் பொறந்தநாளுக்கு வந்து, பிள்ளையை இன்னும் ஒரு வருசம் பாத்துக்கன்னு கும்பிட்டுட்டுப் போவணும். வந்தா ஒரு புள்ளி. எல்லாரும் எப்பவோ மீட்டுட்டாங்க, இல்ல விட்டுட்டாங்க. இந்த ஒரு அம்மாதான் விடல. புத்தகத்தை இங்க கொண்டாந்து வெச்ச பின்னாடியும் அவங்களுக்காகக் கண்ணாடியைத் தொறந்து வெப்பேன். இந்த வருசம்தான் காணோம். செத்துப்போயிட்டாங்களோன்னு நெனச்சேன். இப்ப பாத்தா, வாசல்ல ஒக்காந்திருக்காங்க."

இந்த வருடம் ஏன் காணோம் என்பது புஷ்பவல்லிக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம், வெளியே வந்து வள்ளியம்மாவின் எதிரில் நின்றபோது கோபமாக மாறிவிட்டது.

"படிச்சிட்டேன்," என்றாள்.

வள்ளியம்மா தலையைத் தூக்கவில்லை. "தெரியும். அதுக்குத்தான் நீ என்னைக் கூட்டியாந்தேன்னு பஸ்லயே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. ஊரெல்லாம் என்னை என்ன பேசுச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? நான் யாரோ பெத்துப்போட்ட பிள்ளைன்னே நெனச்சிக்கிட்டு வளர்ந்தேனே."

"சொன்னா நீ நம்பியிருப்பியாக்கும்." வள்ளியம்மாவின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா பலிக்காதுன்னாங்க. ஆறு வயசுல ஒருதரம் வாய் தவறிக் கூப்பிட்ட. அடிச்சேன். அடிச்சும் மூணாம் நாளு அம்மை போட்டுச்சு. ஒடம்பெல்லாம் கொப்புளம். மூணை மண்ணுல வெச்சவளுக்கு அதுக்கு மேல எங்க தைரியம் வரும்?"

"பதினாறுல மீட்டிருக்கலாமே."

"வந்தேன். பூ, பழம் எல்லாம் வாங்கிட்டு இதே எடத்துக்கு வந்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் டைபாய்டுல இருந்து எந்திரிச்சிருந்த நீ. எலும்பும் தோலுமா இருந்த. இன்னும் ஒரு வருசம் அம்மன்கிட்டயே இருக்கட்டும்னு திரும்பிட்டேன். அடுத்த வருசம் வேற என்னமோ. அப்பறம் கல்யாணம். அப்பறம் பிரசவம், ஆபரேசன் பண்ணி எடுத்தாங்களே. ஒவ்வொரு வருசமும் ஒண்ணு." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அலமாரில பாரம் வெச்சிருக்க. அந்த இல்லத்துப் பாரம். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா ஒன் மூஞ்சியப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு, நான் போறேன். வருசத்துக்கு ஒருதரம் மட்டும் என்னை இங்க கூட்டியாரச் சொல்லு. இந்த வருசம் வராம நான் தூங்கல."

புஷ்பவல்லிக்கு அழுகை வந்தது. அழத் தெரியாதவள் ஆகையால் அதட்டினாள். "ஒரு இல்லமும் வேணாம், பாரமும் வேணாம். எந்திரி. இன்னைக்கே மீட்டுட்டுப் போறோம்."

கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். தியோவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். குவான்யின் மண்டபத்தில் மூன்று ஊதுபத்தி ஏற்றி, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். "பெத்தவங்க கைநாட்டு ஒண்ணு போதும். வட்டத்தை நான் போட்டுருவேன்," என்றார்.

வள்ளியம்மா வலது கையை மூடிக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே வைத்து, மற்ற நாலு விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா," என்றாள். "நாப்பத்திரண்டு வருசம் காப்பாத்தியாச்சு. நான் இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போவட்டும். இப்ப போயி கெடுத்துக்காத." அவள் உதடு நடுங்கியது. கண் அம்மனைப் பார்க்கவில்லை, மண்டபத்து வாசலைப் பார்த்தது. யாரோ அங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோலப் பார்த்தது.

திருடியவளின் முகத்தையும் பயந்தவளின் முகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் புஷ்பவல்லிக்கு அந்த வாசலில் பன்னிரண்டு வருடம் வேலை நிலைத்தது. எத்தனையோ பெண்கள் நடுங்கும்போது, இவள் எடுக்கவில்லை, சும்மா பயப்படுகிறாள், போகட்டும் என்று விட்டிருக்கிறாள். தன் வீட்டில் மட்டும் அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து தப்பாகவே படித்துவந்திருக்கிறாள். ஒளிக்கிறாள், மறைக்கிறாள், கள்ளி என்று நினைத்ததெல்லாம் இந்தப் பயம்தான். உலகத்தில் எமனைச் சந்தேகப்பட்டு, அவன் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு, ஒரு நாள்கூட அசராமல் காவல் இருந்தவள் இவள். இவளுக்கு முன்னால் நான் என்ன பெரிய ஜாகா என்று புஷ்பவல்லிக்குத் தோன்றியது.

அவள் மைப்பெட்டியை மூடினாள்.

"வேணாம், அங்கிள். வட்டம் போடாதீங்க. இந்த வருசத்துப் புள்ளிய மட்டும் வெச்சிருங்க."

தியோ தூரிகையைச் சிவப்பு மையில் தொட்டு, வரிசையின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். காய்வதற்காக லேசாக ஊதினார். வள்ளியம்மா விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தபோது, புஷ்பவல்லியும் பக்கத்தில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மனிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னை வளர்த்த இன்னொருத்தி என்ற மரியாதைக்காகக் கும்பிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்டக்டர், கிள்ளான்காரப் பையனாகத்தான் இருக்க வேண்டும், ஆளுக்கொரு சீட்டாகக் கிழித்துக் கொடுத்தான். புஷ்பவல்லி தன் சீட்டைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் எழுத்தே தெரியாத வள்ளியம்மாவும் அதேபோலத் தன் சீட்டைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, அம்மாவும் மகளும் அப்படியே ஒரே மாதிரி செக் பண்றீங்க," என்றான் அவன். "நான் என்ன கள்ள டிக்கெட்டா குடுக்கறேன்?"

வள்ளியம்மாவின் கை சீட்டோடு அப்படியே நின்றுவிட்டது. புஷ்பவல்லி கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா இல்ல," என்றாள், பஸ்ஸின் கடைசி வரிசைவரைக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு அத்தை."

வள்ளியம்மா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். சீட்டை மடியில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிள்ளான் வரும்வரை விடவில்லை.